தூத்துக்குடிக்கு வர்றீங்களா? மழையை பார்த்து வாங்க!

தூத்துக்குடி,

முத்துநகர் எக்ஸ்பிரசில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள், "கடற்கரை ஊருங்கிறாங்க, மழையே இல்லையே?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்பது உண்டு. "ஐப்பசி, கார்த்திகைல வந்து பாருங்க அண்ணாச்சி" என்று சிரித்தபடி பதில் வரும்.

அந்த பதிலில் ஊரின் பிழைப்பே அடங்கி இருக்கிறது.

மழை குறைவது ஏன்?

கேரளாவில் கொட்டி தீர்க்கும் தென்மேற்கு பருவமழையை மேற்கு தொடர்ச்சி மலை தடுத்து விடுகிறது. இதனால் தூத்துக்குடிக்கு காற்றும் வெயிலும்தான் மிச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்கு பருவமழையே கைகொடுக்கிறது. மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை சுமார் 65 செ.மீ. மட்டுமே.

வெயில்தான் முதலாளி

இந்த வெயிலை நம்பித்தான் உப்பளங்கள் உள்ளன. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு கிடைக்க தூத்துக்குடியே முக்கிய காரணம். கோடையில் முத்தையாபுரம் வழியாக திருச்செந்தூர் ரோட்டில் போனால், வெள்ளை வெளேர் என்று உப்பு அம்பாரங்களை பார்க்கலாம்.

மழை விழுந்தால் பாத்தி கரைந்து விடும். தொழிலாளர்களுக்கு வேலை இருக்காது. இதனால்தான் மழைக்கால நிவாரணமாக ரூ.5 ஆயிரம் வழங்கும் திட்டத்தை தமிழக அரசு 2022-ல் கொண்டு வந்தது.

முத்து எங்கே?

'முத்துநகர்' என்று பெயர் இருந்தாலும் இப்போது முத்துக்குளிப்பு கிடையாது. 1961-ம் ஆண்டோடு அது நின்று போனது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கியது இங்குதான். 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகத்துக்கு 2011-ல் அவரது பெயர் சூட்டப்பட்டது. பனிமய மாதா பேராலய திருவிழா ஜூலை 26-ந் தேதி தொடங்கி ஆகஸ்டு 5-ந் தேதி முடியும். ஊருக்கு திரும்பும்போது முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து செய்த மக்ரூன் வாங்க மறக்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் வேலைக்கு வருபவர்களும் இப்போது உண்டு. 2024 டிசம்பரில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வின்பாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலையும் வந்து விட்டது.

மறக்க முடியாத டிசம்பர்

மழை குறைந்த ஊர் என்று அசட்டையாக இருந்து விடக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ந் தேதிகளில் குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல சுழற்சியால் பேய் மழை கொட்டியது. தெற்கே உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. ஒன்றரை வருட மழை ஒரே நாளில் இறங்கியதுக்கு சமம்.

தாமிரபரணியில் வெள்ளம் கரை புரண்டது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்கு கிளம்பிய ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, சுமார் 800 பயணிகள் தவித்தனர். நகரில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. தாழ்வான, சமதளமான ஊர் என்பதால் தண்ணீர் கடலுக்கு போக வழி தேட வேண்டியிருக்கிறது.

எப்போது வரலாம்?

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சுற்றிப்பார்க்க வசதியானவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருபவர்கள் வானிலை மைய அறிவிப்பை பார்த்து விட்டு டிக்கெட் போடுவது நல்லது. 'ரெட் அலர்ட்' என்றால் திருச்செந்தூர் பயணத்தை தள்ளிப்போடலாம். முருகன் எங்கேயும் போய்விட மாட்டார்.