ஹார்ட் டிஸ்க் வாங்குமுன்



தோட்டத்து வீடுகளில் முன்பெல்லாம் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். பிள்ளைகளின் சூராட் பெரானாக், கல்யாணப் பதிவுப் பத்திரம், அடையாளக் கார்டுக்காகத் தாத்தா எடுத்துக்கொண்ட படம், திருவிழாவில் எடுத்த இரண்டு மூன்று படங்கள், எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வெள்ளம் வந்தாலும் வீடு மாறினாலும் அம்மா முதலில் தூக்குவது அந்த டின்னைத்தான். இன்றோ படங்கள் கைப்பேசிக்குள் போய்விட்டன. கைப்பேசி நிரம்பிவிடுகிறது, கீழே விழுகிறது, மழையில் நனைகிறது. ஆகவே, "ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டு வைக்கலாமா? விலை குறைவாகவும் நம்பிக்கையாகவும் எது கிடைக்கும்?" என்று பலரும் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் வாங்குமுன் என் அக்காள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அக்காள் கணவர் தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு, அவர் படங்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அக்காள் மகன் கைப்பேசி வழியாக ஒரு டிஸ்க் வாங்கினான். உள்ளங்கையளவுதான் இருக்கும். மேலே '16 டெராபைட்' என்று அச்சிட்டிருந்தது. விலை 59 வெள்ளி. முதலில் தன் சினிமாப் படங்களையும் பாட்டுகளையும் அதில் ஏற்றிப் பார்த்தான், நன்றாக ஓடின. நம்பிக்கை வந்தது. பிறகு தகப்பனாரின் படங்களையும், அவர் ஓய்வு பெற்ற அன்று பேசிய வீடியோவையும் ஏற்றிவிட்டு, அக்காளின் கைப்பேசியைத் துடைத்துக் காலி செய்துவிட்டான். திவசத்துக்குப் படம் பிரிண்ட் போட எடுத்தபோது பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றும் திறக்கவில்லை.

என்னிடம் கொண்டு வந்தார்கள். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கைப்பேசியில் போடுகிற சின்ன மெமரி கார்டு ஒன்றும், கனம் தெரிவதற்காக ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்றும் இருந்தன. அந்தக் கார்டு 64 ஜிகாபைட். 16 டெராபைட்டில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. "தம்பி, அவர் குரல் மட்டுமாவது கிடைக்குமா?" என்று அக்காள் கேட்டார். கிடைக்கவில்லை.

பெயர் தெரிகிறதே, படம் ஏன் இல்லை? நமக்குத் தெரிந்த செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். இருநூறு பேர் வேலைக்கு வந்ததாகப் பெயர் எழுதிவிடலாம்; பெரட்டில் நிற்பவர் இருபது பேராகவும் இருக்கலாம். டிஸ்க்கில் பெயர்ப் பட்டியல் ஓரிடத்திலும் படத்தின் உள்ளடக்கம் வேறிடத்திலும் எழுதப்படுகின்றன. போலிச் சாமானில் உள்ள சிறு மூளைக்கு "நான் 16 டெராபைட்" என்று கணினியிடம் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உண்மையான இடம் இருக்கும் வரை ஒழுங்காக எழுதும். இடம் முடிந்ததும் மேற்கொண்டு வருவதைக் காற்றில் விட்டுவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். 'பதிந்தாகிவிட்டது' என்று மட்டும் மறக்காமல் சொல்லும். முதலில் ஏற்றிய சினிமா நன்றாக இருந்ததும், கடைசியில் ஏற்றிய தகப்பனார் படம் போனதும் இதனால்தான்.

போலியைக் கண்டுபிடிக்கக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்குகிற, தட்டு சுழல்கிற ஹார்ட் டிஸ்க்குகளில் 2024-இல் வந்த 6 டெராபைட்தான் மிகப் பெரியது. 16 டெராபைட் ஹார்ட் டிஸ்க் உண்டு. அது செங்கல் பருமனில் இருக்கும், தனியாகச் சுவரில் மின்சாரம் கேட்கும், விலையும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். ஆகவே கையடக்கமாக 16, 30 என்று எவராவது ஐம்பது அறுபது வெள்ளிக்குக் கூவினால், அது பசார் மாலாமாக இருந்தாலும் கைப்பேசிக் கடையாக இருந்தாலும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். எந்த அளவு வாங்கப் போகிறீர்களோ, அதே அளவுக்கு நகரத்தில் நல்ல கணினிக் கடை ஒன்றில் விலை விசாரியுங்கள். பத்து இருபது வெள்ளி குறைந்தால் வியாபாரம். பாதிக்கும் கீழே குறைந்தால் வேறு விஷயம்.

சரி, நல்லது எது? தட்டு சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கை இன்று உலகத்தில் மூன்றே நிறுவனங்கள்தாம் செய்கின்றன: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பெட்டியின் மேல் வேறு பெயர் இருந்தாலும், உண்மையான சாமானாக இருந்தால் உள்ளே இருப்பது இந்த மூவரில் ஒருவருடையதுதான். இவற்றுள் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், அந்தச் சண்டையில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பேன். மூன்றிலும் நல்லதும் உண்டு, கெட்டுப் போனதும் உண்டு. உத்தரவாதம் இரண்டு ஆண்டா மூன்று ஆண்டா, அதை இந்த நாட்டிலேயே பார்த்துக் கொடுப்பார்களா என்று கேட்டு வாங்குவதுதான் பயன்.

அதன் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் எப்படிக் கையாள்வது என்பது தானே விளங்கும். கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்குத் தொண்ணூறு முறை சுழல்கிறது. அதன் மேல் எழுதும் முனை தட்டைத் தொடாமல் மிதக்கிறது. நடுவில் உள்ள இடைவெளி தலைமயிர் தடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து கீழே விழுந்தால் முனை தட்டை உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்தது போனது போனதுதான். வயரைப் பிடித்து இழுத்து விளையாடக்கூடிய சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை ஓட்டும்போது தரையில் பாய் விரித்து அதன் மேல் வைத்துவிடுங்கள். அவமானம் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் ஐம்பது தட்டுகள் இருந்தன. எடை ஒரு டன் அளவு. தூக்க இயந்திரம் வேண்டும். இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் படம் ஒன்றே அதை நிரப்பிவிடும்!

சுழலும் தட்டே இல்லாத இன்னொரு வகை உண்டு. அதை எஸ்.எஸ்.டி. என்பார்கள். விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் அதே அளவுக்கு விலை கூட. அத்துடன், பல ஆண்டுகள் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் போட்டு வைத்தால் அதில் பதிந்தது மெல்ல மங்கக்கூடும். தினமும் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு எஸ்.எஸ்.டி. பொருத்தம். வீட்டில் வைத்துப் படங்களைக் காக்க, சுழலும் வகையே நம் சம்பளத்துக்குப் போதும்.

எவ்வளவு பெரிதாக வாங்குவது? கைப்பேசிப் படம் ஒன்று சுமார் 4 மெகாபைட். 1 டெராபைட்டில் அப்படி இரண்டரை லட்சம் படங்கள் அடங்கும். வீடியோவாக இருந்தால், நிமிடத்துக்கு 100 மெகாபைட் என்று வைத்தாலும் நூற்றறுபது மணி நேரத்துக்கு மேல் வரும். இரண்டு மூன்று கல்யாணம், பிள்ளைகளின் பட்டமளிப்பு, பத்து தீபாவளி எல்லாம் போட்டாலும் மிச்சம் இருக்கும். ஆகவே குடும்பத்துக்கு 1 டெராபைட் போதும். கணினியில் மாட்டினால் அது 931 ஜிகாபைட் என்று காட்டும். ஏமாற்றுகிறார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பவர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் கணக்கிடுகிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

கடையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. யு.எஸ்.பி. 3 என்று பெட்டியில் இருக்கட்டும். பழைய யு.எஸ்.பி. 2 ஆனால் 100 ஜிகாபைட்டை ஏற்ற முக்கால் மணிக்கு மேல் ஆகும். புதியதில் இருபது நிமிடத்துக்குள் முடியும். உங்கள் மடிக்கணினியையும் கைப்பேசியையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். சில கைப்பேசிகளுக்குச் சுழலும் டிஸ்க்கை ஓட்டும் சக்தி போதாது. 'டிக் டிக்' என்று தடுமாறும். வீட்டுத் தொலைக்காட்சியிலும் போட்டுப் பார்க்க ஆசையிருந்தால், தொலைக்காட்சியின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடனே படங்களை ஏற்றத் தோன்றும். பொறுங்கள். முதல் வேலை சோதனை. ஜெர்மனியில் ஒரு கணினி இதழைச் சேர்ந்தவர் எழுதிய 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச நிரல் உண்டு. அது டிஸ்க் முழுவதையும் நிரப்பி எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, பொய் சொல்கிறதா என்று காட்டிவிடும். 1 டெராபைட்டுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் செய்து கொடுத்துவிடும். கைப்பேசி வழியாக வாங்கியிருந்தால், 'பொருள் சரியாகக் கிடைத்தது' என்ற பொத்தானை இந்தச் சோதனை முடியும் முன் அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். விற்றவர் இந்த நாட்டில் இருந்து, மாற்றிக் கொடுக்க மறுத்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் வழி மிகக் கடினம்.

இனி நம்பிக்கைக்கு வருவோம். அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற நிறுவனம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஓட்டி, எத்தனை கெட்டன என்று கணக்கு வெளியிடுகிறது. 2024-ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அவை குளிரூட்டிய அறையில் ஆடாமல் அசையாமல் இருப்பவை. நம்முடையது மோட்டார் சைக்கிள் கூடையில் போகிறது. அது மட்டுமன்று, கெடும்போது சொல்லிவிட்டுக் கெடாது. உத்தரவாதக் கார்டு இருந்தால் புது டிஸ்க் கொடுப்பார்கள்; உள்ளே இருந்த படத்தைக் கொடுக்கமாட்டார்கள். கெட்டுப்போன டிஸ்க்கைத் திறந்து படம் மீட்கும் இடங்கள் உண்டு. பல நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரக் கணக்கில் கேட்பார்கள், அதுவும் கிடைத்தால்தான்.

ஆகவே என் கருத்து இது: ஒரே ஒரு பெரிய டிஸ்க்கைவிட, ஒரே படங்கள் உள்ள இரண்டு சிறிய டிஸ்க்குகள் மேல். இரண்டு 1 டெராபைட் வாங்கும் விலை, ஒரு 2 டெராபைட்டின் விலையைவிடக் கூட என்பது எனக்குத் தெரியும். கையில் பணம் இல்லையென்றால் இப்போது ஒன்று, போனஸ் வந்ததும் ஒன்று. அதுவரை, கெட்டுப்போன பழைய மடிக்கணினி வீட்டில் கிடந்தால், அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு வெளிக்கூட்டில் போட்டுத் தருமாறு கணினிக் கடையில் சொல்லுங்கள். கூட்டுக்கு அதிகச் செலவில்லை. அதை இரண்டாவது பிரதியாக வைக்கலாம், முதல் பிரதியாக வேண்டாம்.

இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் இரண்டு வாங்கியதில் பாதிப் பயன் போய்விடும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் கூரை வரை ஏறியதை நாம் பார்த்தோம். ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், மற்றொன்று வேறு ஊரில் உள்ள மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும். என் அக்காளுக்குக் கொஞ்சமாவது திரும்பக் கிடைத்தது அப்படித்தான். முன்பு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் ஈப்போவில் நாத்தனார் கைப்பேசியிலும், கிள்ளானில் கொழுந்தனார் கைப்பேசியிலும் கிடந்தன. நாற்பது ஐம்பது படம் சேர்ந்தது. தெளிவு குறைவுதான். அந்த வீடியோ மட்டும் யாரிடமும் இல்லை.

சூராட் பெரானாக், அடையாளக் கார்டு, நிலவரிச் சீட்டு ஆகியவற்றையும் படம் எடுத்து இதில் வையுங்கள். படம் அசல் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் அசல் தொலைந்தால், பதிவு எண்ணும் தேதியும் கையில் இருப்பவருக்குத் தேசியப் பதிவிலாகாவில் வேலை எளிதாகும். பத்திரம் இல்லாமல் அலைந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வகைப் படங்களுக்கு இடம் அதிகம் தேவைப்படாது. கூகிள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட்டிலும் ஒரு பிரதி போட்டு வைக்கலாம். இரண்டு ஆண்டு திறக்காமல் விட்ட கணக்கை அவர்கள் நீக்கிவிடக்கூடும்; ஆகவே அவ்வப்போது திறந்து பாருங்கள்.

டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போட்டால் அதை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். மறந்துவிட்டால் கடைக்காரராலும் திறக்க முடியாது.

நம் நாட்டுப் பிற்பகல் இடிமழை எல்லாருக்கும் தெரிந்தது. மின்னல் வெட்டும்போது டிஸ்க் கணினியில் மாட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து போகக்கூடும். வேலை முடிந்ததும் திரையில் முறைப்படி விடுவித்து, சுழற்சி நின்றபின் வயரைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். பிஸ்கட் பொட்டலத்தோடும் மருந்துப் புட்டியோடும் வரும் சின்ன ஈரம் உறிஞ்சும் பையை எறியாமல் அதனுள் போட்டு வையுங்கள். டப்பாவின் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது அதை எடுத்து மாட்டி, பழைய படம் பத்தும் புதிய படம் பத்தும் திறந்து பாருங்கள். தேதி ஐந்தாண்டைத் தாண்டிவிட்டதா, அல்லது உள்ளே 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்கிறதா, அன்றே வேறொன்றில் பிரதி எடுக்கத் தொடங்குங்கள்.