கிழிந்த ஏட்டில் ஒரு நீராவிப் புதிர்

முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி. இட்லிப் பானைக்குள் மூன்று தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். கீழ்த் தட்டின் குழிகளுக்கு நேர் மேலே, மேல் தட்டின் குழிகள் வர வேண்டுமா? அல்லது மேல் தட்டின் இடைவெளிகள் வர வேண்டுமா? விடையை மனத்தில் குறித்துக்கொண்டு மேலே படியுங்கள். காரணத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். காரணம் இல்லாத விடைக்குப் பாதி மதிப்பெண்தான்!

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது ஒரு கணினி விளையாட்டு. திருச்சிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் உள்ள ஜீயபுரத்தில் எங்கள் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் மடிக்கணினியை என் முன் வைத்து, "அப்பா, இந்த இட்லித் தட்டை நீங்க அடுக்குங்க பார்ப்போம்" என்றாள். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் உள்ளுறை வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்தி வருபவன் நான். தயக்கமின்றி அடுக்கினேன். தவறு! மறுமுறையும் தவறு.

பின்னால் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த என் தாயார் எட்டிப் பார்த்தார்கள். "தட்டைத் திருப்பி வைப்பா. குழிக்கு மேல குழி வந்தா இட்லி நசுங்கிப் போகும். ஆவியும் எல்லாத்துக்கும் போகாது" என்றார்கள். திருப்பி வைத்தேன். இட்லி வெந்தது. "அப்பாயிதான் பாஸ்!" என்று கைதட்டினாள் மகள்.

என் தாயார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். அவர்கள் சொன்ன இரண்டு காரணங்களும் இயற்பியல் காரணங்கள் என்பதை அன்றிரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். அந்தக் கணக்கையும், அந்த விளையாட்டையும் பற்றியதே இக்கட்டுரை.

விளையாட்டின் கதை

விளையாட்டின் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழுவினர் உருவாக்கி, 2023 ஜூலை 31ஆம் நாள் வெளியிட்டார்கள். 'விசை' என்றதும் இயற்பியல் மாணவர்களுக்கு நியூட்டன் நினைவுக்கு வருவார். எந்திரத்தை இயக்கும் பொத்தானுக்கும் அதே பெயர்தான். 2024ஆம் ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசும், அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனின் 'பாஃப்டா' அமைப்பு அறிமுகப் படைப்புக்கு வழங்கும் விருதும் இதற்குக் கிடைத்தன.

கதை 1988இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா என்ற பெண், அவள் கணவன் பாவலன், பின்னர் அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரே முக்கிய மாந்தர். வெண்பாவிடம் அவளுடைய தாயின் சமையல் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதில் சில பக்கங்கள் கிழிந்தும் சில வரிகள் அழிந்தும் போயிருக்கின்றன. விட்டுப்போன படி எதுவென்று நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இதுவே விளையாட்டு.

நல்ல புதிர் விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் மையமாக ஒரு விதி உண்டு. 1984இல் மாஸ்கோவில் பிறந்த 'டெட்ரிஸ்' விளையாட்டில், விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். 2007இல் வந்த 'போர்ட்டல்' விளையாட்டில், ஒரு சுவரில் நுழைந்து வேறொரு சுவரில் வெளிவரலாம். நுழைந்த வேகம் குறையாமல் வெளிவருவோம் என்பதே அங்கே தந்திரம். 2008இல் வந்த 'பிரெய்ட்' காலத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறது. 'வெண்பா'வின் விதி இவற்றைவிட எளியது, ஆனால் புதியது: அழிந்துபோன வரியை, பாத்திரத்தின் அமைப்பைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

நீராவி செய்யும் வேலை

இனி நம் கேள்விக்கு வருவோம். இட்லியை வேகவைப்பது எது? "சூடு" என்று சொன்னால் போதாது. 100 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் காற்று 30 பாகைக்குக் குளிரும்போது, ஏறக்குறைய 16 கலோரி வெப்பத்தைத்தான் கொடுக்கும். அதே 100 பாகையில் உள்ள ஒரு லிட்டர் நீராவி நீராக மாறினாலே 320 கலோரிக்கு மேல் கொடுத்துவிடும். இருபது மடங்கு! ஒரு கிராம் நீராவி நீராகும்போது 540 கலோரி வெப்பம் வெளிப்படுவதே காரணம். இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்ட காயம் கடுமையாக இருப்பதும் இதனால்தான்.

ஓர் இட்லிக்கு 50 கிராம் மாவு என்று கொள்வோம். மாவின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.8. 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு அதைச் சூடேற்ற வேண்டும்.

தேவையான வெப்பம் = 50 × 0.8 × 70 = 2800 கலோரி.

இதை 540ஆல் வகுத்தால் 5 கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. ஆக, ஓர் இட்லி வேக ஒரு தேக்கரண்டி அளவு நீர் ஆவியாகிச் சென்று, அந்த இட்லியின் மேலும் தட்டின் மேலும் மீண்டும் நீராக வேண்டும். துணி விரித்து இட்லி ஊற்றுபவர்கள் துணி ஏன் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது என்று இனி கேட்க மாட்டீர்கள். மூடி குவிந்திருப்பதற்கும் இதில் பங்கு உண்டு: மூடியில் சேரும் துளிகள் இட்லியின் தலையில் சொட்டாமல் ஓரமாக வழிந்துவிடுகின்றன.

ஐந்து கிராம் நீர் சிறிதுதான். ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஓர் இட்லிக்கு மட்டும் எட்டு லிட்டருக்கு மேல் நீராவி தேவை! பதினாறு இட்லிக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இவ்வளவு நீராவியும் தட்டுகளின் இடைவெளிகள் வழியாகத்தான் மேலேறிச் செல்ல வேண்டும். தட்டுகளை அடுக்கும் முறை ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

முக்கொம்பில் ஒரு பாடம்

எங்கள் ஊருக்கு அருகில் முக்கொம்பு இருக்கிறது. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் சரிவு அதிகம். ஆகவே நீர் அந்தப் பக்கமே அதிகமாக ஓடியது. காவிரியோ மணல் மேடிட்டது. இதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். பாயும் பொருள் எதுவானாலும் எளிய வழியில்தான் அதிகமாகப் பாயும். கடினமான வழியிலும் அதை அனுப்ப வேண்டுமென்றால், எளிய வழியில் ஒரு தடை வைக்க வேண்டும்.

நீராவிக்கும் இதே கதைதான். எல்லாத் தட்டுகளின் இடைவெளிகளும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தால், நடுவே ஒரு புகைபோக்கி உண்டாகிவிடும். நீராவியில் பெரும்பகுதி அதன் வழியே நேராக மூடிக்குச் சென்றுவிடும். குழிகளுக்கு நடுவே சிக்கிய காற்றும் எளிதில் வெளியேறாது. காற்று நீராவியைப்போல் நீராகி மறைவதில்லை. மாவின்மேல் ஒரு போர்வையாகக் கிடந்து, நீராவி மாவைத் தொடாமல் தடுக்கும். இடைவெளிக்கு நேர் மேலே குழி வரும்படி அடுக்கினாலோ, நீராவி ஒவ்வொரு தட்டிலும் முட்டி, பக்கவாட்டில் திரும்பி, வளைந்து வளைந்து ஏற வேண்டியிருக்கும். போகும் வழியில் எல்லா இட்லியையும் தொடும். காற்றையும் துடைத்துக்கொண்டு போகும். அப்பாயியின் தட்டும் ஓர் அணைக்கட்டுதான்!

"நசுங்கிப் போகும்" என்ற மற்றொரு காரணமோ மிக எளிது. புளித்த மாவில் கரியமில வாயுக் குமிழிகள் இருக்கின்றன. சூடேறும்போது அவை விரிகின்றன. இட்லி மேலே எழும்புகிறது. குழியின் அடிப்பாகமோ கீழ்நோக்கிப் புடைத்திருக்கிறது. குழிக்கு மேல் குழி வந்தால், எழும்பும் இட்லி மேலே உள்ள குழியின் அடியில் முட்டும்.

புட்டுக் குழலும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. விளையாட்டில் அடுத்து வருவது புட்டு. குழலின் அடியில் துளையிட்ட சில்லைப் போட வேண்டும். மறந்தால் மாவு நீரில் விழும். பின்னர் தேங்காய்த் துருவலும் மாவும் மாறி மாறி வர வேண்டும். மாவைக் கையால் பிடித்தால் பிடிபட வேண்டும். அழுத்தினால் உதிர வேண்டும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்: இட்லியில் தட்டுகளுக்கு நடுவே இருந்த வழி, புட்டில் மாவுப் பருக்கைகளுக்கு நடுவே இருக்கிறது. குத்தி நிறைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

குறையும் நிறையும்

விளையாட்டில் குறை இல்லையா? உண்டு. முழுவதையும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். தவறு செய்தாலும் இழப்பு எதுவும் இல்லை. மீண்டும் முயலலாம், குறிப்பும் கேட்கலாம். கடினமான புதிரைத் தேடுபவர்களுக்கு இது போதாது. மேலும், உண்மையான அடுப்படியில் காலம் என்று ஒன்று இருக்கிறது. மாவு புளிக்க ஓர் இரவு வேண்டும். திருச்சி வெயிலில் பொங்கி வழியும் மாவு, டொராண்டோவின் ஜனவரிக் குளிரில் அசையாமல் கிடக்கும். நுண்ணுயிர்களுக்கு வெப்பம் வேண்டுமல்லவா? அங்கே வாழும் தமிழ்த் தாய்மார்கள் நாள்தோறும் தீர்க்கும் இந்தப் புதிரை எந்தத் திரையிலும் முழுமையாகக் காட்ட முடியாது.

ஆயினும் இந்த விளையாட்டை நான் மதிக்கிறேன். பின்பகுதியில், வளர்ந்துவிட்ட கவினாக நாம் மாறுகிறோம். அவனுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராது. பாட்டியின் எழுத்து கண்முன் இருக்கிறது, பொருள் பிடிபடவில்லை. அந்த இடத்தில் என் மகள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பாயி, நீங்க எதையாவது எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். "எழுதறதுக்கு என்ன இருக்கு, கைக்குத் தெரியும்" என்றார்கள் என் தாயார்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். ஒரு குறிப்பேட்டில் இரண்டு வகைச் செய்திகள் இருக்கின்றன. தட்டை எப்படி அடுக்குவது, சில்லை எங்கே போடுவது என்பவை முதல் வகை. இவை அழிந்தாலும் இயற்கை விதிகளைக் கொண்டு மீட்டுவிடலாம். நீராவி எந்த ஊரிலும் நீராவிதான். எவ்வளவு உளுந்து, எவ்வளவு வெந்தயம், எத்தனை நேரம் ஊற வேண்டும் என்பவை இரண்டாம் வகை. இவை பல நூறு முறை சமைத்துப் பார்த்துக் கண்டறிந்த அளவீடுகள். எழுதி வைக்காத அளவீடு அழிந்தால், நியூட்டனே வந்தாலும் மீட்டுத் தர முடியாது. சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே மறுநாளே ஒரு வேலை செய்தோம். தாயார் உளுந்தைப் 'பிடி' கணக்கில்தான் போடுவார்கள். அந்தப் பிடியை ஐந்து முறை தராசில் நிறுத்தோம். ஐந்து முறையும் 38 கிராமுக்கும் 42 கிராமுக்கும் இடையிலேயே இருந்தது. என் ஆய்வுக்கூட மாணவர்கள் சிலரின் அளவீடுகளைவிட இது துல்லியம் என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது! மகள் அதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதினாள்.

நீங்கள் செய்து பாருங்கள்

1. பெரியவர்களின் துணையோடு, தட்டுகளை இரண்டு விதமாகவும் அடுக்கி இட்லி வேகவையுங்கள். மாவின் அளவு, நேரம், தீ மூன்றும் ஒன்றாகவே இருக்கட்டும். எந்தத் தட்டின் இட்லி எப்படி வெந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். 540 கலோரியை மறக்க வேண்டாம்.

2. உங்கள் வீட்டில் யாருடைய கைப்பக்குவத்தை எல்லோரும் புகழ்கிறார்களோ, அவர்களின் 'ஒரு பிடி', 'ஒரு சிட்டிகை' ஆகியவற்றை ஐந்து ஐந்து முறை நிறுத்துச் சராசரி காணுங்கள்.

3. ஒவ்வொரு படிக்கும் "ஏன்?" என்று அவர்களையே கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி வையுங்கள். என் தாயார் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு காரணங்களை விளக்க எனக்கு இத்தனை பக்கங்கள் தேவைப்பட்டன. உங்கள் வீட்டிலும் அப்படிப்பட்ட சொற்கள் இருக்கும். கேட்க வேண்டியவர் அருகில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.