ஈயின் ரகசியம் சொன்ன ரோபோ

பறக்கும் பழ ஈயை நோக்கிக் கை நீண்டால், கண் இமைப்பதற்குள் அது உடலைச் சாய்த்துத் திசை மாறிவிடும். அந்தத் திருப்பத்தில் எந்த அசைவை ஈ முயன்று செய்கிறது, எது தானாக நிகழ்கிறது? ஈயை மட்டும் பார்த்து இதைப் பிரித்தறிவது கடினம். விடை தேட உதவியது 29 கிராம் எடையுள்ள ஒரு ரோபோ.

விமானத்தில் தூக்குவது இறக்கையின் வேலை. தள்ளுவது என்ஜினின் வேலை. பூச்சியோ இரண்டையும் இறக்கையாலேயே முடிக்கிறது. எப்படி? கேம்பிரிட்ஜில் சார்லஸ் எல்லிங்டன் குழுவினர் அந்துப்பூச்சியைப் புகைக்குள் பறக்கவிட்டார்கள். அதைவிட 10 மடங்கு பெரிய இயந்திர இறக்கைகளையும் அடிக்கவிட்டார்கள். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு காற்றுச்சுழல் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. சுழலுக்குள் அழுத்தம் குறைவு. அதனால் இறக்கை மேலே இழுக்கப்படுகிறது. இது 1996-இல் வெளியான ஆய்வு.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மத்தேய் காராசெக் குழுவினர் இன்னொரு படி ஏறினார்கள். 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர்கள் அறிமுகப்படுத்திய ‘டெல்ஃப்ளை நிம்பிள்’ ரோபோவுக்கு வால் கிடையாது. 33 சென்டிமீட்டர் விரியும் நான்கு மெல்லிய இறக்கைகள் விநாடிக்குச் சுமார் 17 முறை அடிக்கின்றன. பக்கவாட்டில் சாய வேண்டுமா? இடப்புற இறக்கைகளும் வலப்புற இறக்கைகளும் வெவ்வேறு வேகத்தில் அடிக்கும். முன்னே குனிய வேண்டுமா? இறக்கைகள் முன்பின்னாக நகரும். அந்தரத்தில் நிற்கவும் குட்டிக்கரணம் போடவும் இதுவே போதும்.

பழ ஈயைவிட 55 மடங்கு பெரிய இந்த ரோபோவை, ஈ தப்பிக்கும் விதத்திலேயே திரும்பச் செய்தார்கள். குனியவும் சாயவும் மட்டுமே கட்டளை கொடுத்தார்கள். முகம் திரும்புவதற்குக் கட்டளையே இல்லை. ஆனாலும் ரோபோ முகம் திருப்பியது. வேகமாக நகரும்போது இறக்கைகளில் மோதும் காற்றே உடலைத் திருப்பிவிடுகிறது; ஈயும் இந்த உதவியைப் பெறுகிறது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

‘முகம் திருப்பும் முயற்சியை விட்டுவிட்டுப் பற’ என்று ஈயிடம் சொல்ல முடியாது, ரோபோவிடம் சொல்லலாம். இறக்கையடிக்கும் இயந்திரங்களின் பயனாக வேவு, மீட்புப்பணி, மகரந்தச் சேர்க்கை என்று நாளைய வேலைகளையே அடுக்குகிறோம். உயிரைப் புரிந்துகொள்ளும் ஆய்வுக்கருவியாக அவை இன்றே பயன் தருகின்றன. அந்த ஒரு காரணமே அவற்றுக்குப் பணமும் உழைப்பும் செலவிடப் போதுமானது.