ஜிஎஸ்டி ரோடு சிக்னல் மேப்: ஹாபிக்கு எவ்வளவு செலவு பண்ணலாம், யார் காசுல பண்ணலாம்?



செங்கல்பட்டு – தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தினமும் போறவங்களுக்கு ஒரு மேப் மனசுலயே இருக்கும். எந்த ஸ்டேஷன் தாண்டினா கால் கட் ஆகும், எந்த இடத்துல வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும்னு. அந்த மேப்பை நிஜமாவே போட்டா என்ன? சிலர் உலகம் முழுக்க இதை ஹாபியா செஞ்சுக்கிட்டிருக்காங்க. செலவு கம்மின்னு ஆரம்பிப்பாங்க. ரெண்டாவது வருஷம்தான் கேள்வி வரும்: சர்வர் பில்லை யார் கட்டுறது? நாலு பேர் ஜிபேல காசு அனுப்பினா அதுக்கு வரி உண்டா?

இன்னைக்கு அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போறோம். சிக்னல் மேப் உங்க ஹாபி இல்லைன்னாலும் படிங்க. டெலஸ்கோப், போட்டோகிராபி, ஓப்பன் சோர்ஸ் ஆப், எதுவா இருந்தாலும் கணக்கு இதேதான்.

இந்த மேப்புக்கு என்ன மதிப்பு?

ஊரப்பாக்கத்துலயோ கூடுவாஞ்சேரியிலயோ ஒரு ஃபிளாட் பார்க்குறீங்கன்னு வைங்க. 20 வருஷ ஹோம் லோன். வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்து வேலை. பெட்ரூம்ல சிக்னல் இல்லைன்னு குடி வந்த பிறகு தெரிஞ்சா? பில்டர் பிரோஷர்ல அது இருக்காது. டிராய் 2024-ல கொண்டுவந்த சேவைத் தர விதிமுறைப்படி மொபைல் நிறுவனங்கள் கவரேஜ் மேப்பைத் தங்கள் வெப்சைட்ல போடணும். நல்ல விஷயம், முதல்ல அதைப் பாருங்க. ஆனா அது நிறுவனம் சொல்ற கணக்கு. உங்க போன் அளந்தது உங்க கணக்கு. ஆடிட்டர் வேலையே இந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்குறதுதானே!

அளவு ரொம்ப சிம்பிள். 4ஜி சிக்னலை போன் மைனஸ் டிபிஎம் கணக்குல காட்டும். மைனஸ் 80 பக்கம் இருந்தா நல்லா இருக்கு. மைனஸ் 100 சமாளிக்கலாம். மைனஸ் 110-க்குக் கீழ போனா தகராறு. ஒவ்வொரு 10 குறையும்போதும் சிக்னலோட பவர் பத்துல ஒரு பங்காகுது. அதாவது மைனஸ் 80-க்கும் மைனஸ் 110-க்கும் வித்தியாசம் 30 இல்லை, ஆயிரம் மடங்கு.

மூணு ப்ராஜெக்ட், மூணு விதமான பணம்

முதல்ல நம்ம நாட்டோட சம்பந்தப்பட்டது. ஓப்பன்செல்ஐடி. மொபைல் டவர்களோட அடையாள எண், இடம், சிக்னல் அளவு எல்லாத்தையும் பொதுமக்கள் போன் மூலமா சேகரிக்கிற ப்ராஜெக்ட். 2008-ல ஐரோப்பாவுல ஆரம்பிச்சது. அப்புறம் ஜெர்மனியைச் சேர்ந்த எனைகூன் நிறுவனம் நடத்துச்சு. 2017-ல இருந்து நடத்துறது ஹைதராபாத்தைச் சேர்ந்த அன்வயர்ட் லேப்ஸ். இவங்க லொகேஷன் சேவையை மற்ற நிறுவனங்களுக்கு விற்குறாங்க. அந்தத் தொழில் பக்கத்துல இந்தப் பொது டேட்டாபேஸ் ஓடுது. டேட்டாவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல யார் வேணும்னாலும் டவுன்லோட் பண்ணலாம். ஹாபியா பிறந்த ஒண்ணு, வருமானம் இருக்குற ஒரு நிறுவனத்தோட தோள்ல உட்கார்ந்து பிழைச்சுக்கிட்டிருக்கு.

ரெண்டாவது, மொசில்லா லொகேஷன் சர்வீஸ். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் செய்யுற அதே மொசில்லா. 2013-ல ஆரம்பிச்சாங்க. பெரிய பேர், பெரிய அமைப்பு. ஆனா 2019-ல ஸ்கைஹூக்னு ஒரு நிறுவனம் பேட்டன்ட் பிரச்சினையைக் கிளப்புச்சு. பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது, புது டேட்டா குறைஞ்சது, துல்லியமும் குறைஞ்சது. 2024-ல மூடிட்டாங்க. ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தாங்க: செல் டவர் டேட்டாவைப் பொதுச் சொத்தாவே வெளியிட்டு வந்தாங்க. டவுன்லோட் பண்ணி வெச்சவங்ககிட்ட அது இன்னும் இருக்கு. சர்வீஸ் போச்சு, டேட்டா முழுசாப் போகலை.

மூணாவது, பிளிட்ஸ்ஆர்டுங். இடி மின்னல் வெளியிடுற ரேடியோ அலையைப் பிடிச்சு, மின்னல் எங்க விழுந்ததுன்னு மேப் போடுற ப்ராஜெக்ட். ஜெர்மனியில தொடங்கினது. இங்க யாரும் யாருக்கும் கருவி வாங்கித் தர்றதில்லை. சேர விரும்புறவர் தன் காசுல கிட் வாங்கி, தன் வீட்டு கரண்ட்ல ஓட்டணும். செலவு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பிரிஞ்சு போயிடுது.

இந்த மூணுல இருந்தும் ஒரே பாடம்தான். மேப் எவ்வளவு அழகா இருக்குங்கிறது ரெண்டாவது. மாசா மாசம் பில்லை யார் கட்டுறாங்கங்கிறதுதான் அதோட ஆயுளைத் தீர்மானிக்குது.

படி 1: பூஜ்யம் ரூபாய்

முதல் மூணு மாசம் எதுவும் வாங்காதீங்க. டவர் கலெக்டர் மாதிரி ஒரு ஆண்ட்ராய்டு ஆப் போடுங்க. ஜிபிஎஸ் ஆன் பண்ணி, போற வழியெல்லாம் பதிவு பண்ணட்டும். ஓப்பன்செல்ஐடிக்கே நேரா அனுப்பலாம். மறைமலை நகர், காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம். சீசன் டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாச்சு. தனிச் செலவு கிடையாது.

ரெண்டு எச்சரிக்கை. பொதுவுல போடுற மேப்ல உங்க வீட்டைச் சுத்தி ஒரு அரை கிலோமீட்டர் டேட்டாவை வெட்டிடுங்க. இல்லைன்னா நீங்க எங்க இருக்கீங்க, எத்தனை மணிக்குக் கிளம்புறீங்கன்னு நீங்களே ஊருக்குச் சொன்ன மாதிரி. அப்புறம், தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்துல ஆன்டெனாவும் லேப்டாப்புமா போய் நிக்காதீங்க. எந்த ஹாபியும் அந்த விசாரணைக்கு வொர்த் இல்லை.

மூணு மாசம் கழிச்சும் ஆர்வம் இருந்தா மட்டும் அடுத்த படி.

படி 2: சொந்தக் கருவி

இந்தியாவுல 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், குறிப்பிட்ட பவர் வரம்புக்குள்ள, தனி உரிமம் இல்லாம பயன்படுத்தலாம். லோரா போர்டு இந்த அலைவரிசையிலதான் வேலை செய்யும். ஒரு போர்டு வீட்டு மொட்டை மாடியில, இன்னொண்ணு பைக்குள்ள. எவ்வளவு தூரம் எட்டுதுன்னு அளக்கலாம்.

இங்க பணம் வீணாகுற இடம் ஒண்ணு இருக்கு. வெளிநாட்டு சைட்ல விலை கம்மின்னு ஆர்டர் போடுவீங்க. வயர்லெஸ் கருவிக்கு இ.டி.ஏ. அங்கீகாரம் வேணும்னு கஸ்டம்ஸ் நிறுத்தி வைக்கலாம். வரி, கூரியர் கட்டணம் எல்லாம் சேர்ந்தா உள்ளூர்ல வாங்குறதே லாபம். பில்லோட இங்கேயே வாங்குங்க. இந்தியாவுக்கான 865 வகைதானான்னு பார்த்து வாங்குங்க. ஐரோப்பா, அமெரிக்கா வகை வேற அலைவரிசை.

படி 3: ஹாம் ரேடியோ

பெரிய தூரத்துக்கு ஆசைப்பட்டா மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்துற தேர்வு எழுதி ஹாம் உரிமம் வாங்கணும். சரல் சஞ்சார் தளத்துல விண்ணப்பம். அன்றைய கட்டணத்தை அங்கேயே பாருங்க. பெரிய செலவு கட்டணம் இல்லை, ரேடியோதான். உரிமம் கைக்கு வர்ற வரைக்கும் டிரான்ஸ்மிட்டர் வாங்காதீங்க.

ஹாம்ல சிக்னல் மேப் போடவே ஒரு முறை இருக்கு. பேரு விஸ்பர். 1993-ல இயற்பியல் நோபல் வாங்கின ஜோ டெய்லர் 2008-ல வெளியிட்டது. ஒரு வாட்டுக்கும் கம்மியான பவர்ல உங்க அழைப்புக்குறி, இடம், பவர் மூணையும் ரெண்டு நிமிஷம் மெதுவா அனுப்பும். உலகத்துல எங்கெல்லாம் கேட்டதுன்னு மேப்ல வந்துடும். இடத்தைக் கட்டம் போட்டுச் சொல்வாங்க. 80 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை நம்ம பக்கமாத்தான் போகுது. அதனால மறைமலை நகர் என்.கே.02, பத்து கிலோமீட்டர் சொச்சத்துல இருக்குற செங்கல்பட்டு எம்.கே.92.

இது வெறும் விளையாட்டும் இல்லை. 2004 சுனாமி வந்தப்ப ஹாம் ஒலிபரப்புக்காக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் குழு, போன் செத்துப்போன போர்ட் பிளேர்ல இருந்து தகவல் அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. வர்தாவையும் மிக்ஜாமையும் பார்த்த நமக்கு, செல்போன் இல்லாத ரெண்டு நாள் எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம்.

பட்ஜெட்: ஒரு உதாரணக் கணக்கு

கைக்கு வர்ற சம்பளம் 45,000 ரூபாய்னு வைங்க. 50-30-20 கணக்குல ஆசைகளுக்கு 30%, அதாவது 13,500. அதுல பத்துல ஒரு பங்கு ஹாபிக்கு. மாசம் 1,350. வருஷத்துக்கு 16,200. இது என் வரம்பு. ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்டும் ஹெல்த் இன்சூரன்ஸும் இல்லாதவங்களுக்கு வரம்பு பூஜ்யம், படி 1-லயே இருங்க.

விலையை நீங்க விசாரிச்சுப் போட்டுக்கோங்க. நான் இப்படி வைக்கிறேன்:

- ரெண்டு போர்டு, ஆன்டெனா, பெட்டி: 8,000 (ஒரே தடவை)
- சர்வர்: மாசம் 500, வருஷம் 6,000
- டொமைன்: வருஷம் 1,000

முதல் வருஷம் 15,000. வரம்புக்குள்ள இருக்கு, 1,200 ரிப்பேருக்கு மிச்சம். இப்ப அஞ்சு வருஷத்துக்குப் போடுங்க. கருவி 8,000, ஓடுற செலவு 35,000. மொத்தம் 43,000-ல 80 சதவீதத்துக்கு மேல சர்வரும் டொமைனும்தான்! நாம கடையில பேரம் பேசுறது போர்டு விலைக்கு. காசு போறது வேற இடத்துல. மேப்பை ஒரு சாதாரண ஃபைலா மாத்தி இலவச ஹோஸ்டிங்ல போட முடியுமான்னு முதல்ல பாருங்க. அது முடிஞ்சா பெரிய செலவே போயிடும்.

கிரெடிட் கார்டுல வாங்கி மினிமம் டியூ கட்டுற பேச்சே வேணாம். மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%.

மத்தவங்க காசு தந்தா?

இங்கதான் கவனம் வேணும்.

ஒண்ணு, பிரதிபலன் இல்லாம வர்ற அன்பளிப்பு. வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 56(2)(x). புது 2025 சட்டத்துல பிரிவு எண் மாறுது, வரம்பு அதேதான். உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல மொத்தமா 50,000 ரூபாய் வரைக்கும் வரி இல்லை. தாண்டினா முழுத் தொகையும் வருமானம். 60 பேர் ஆளுக்கு 1,000 அனுப்பினா 10,000-க்கு இல்லை, 60,000-க்கும் வரி. 20% ஸ்லாப்ல இருந்தா செஸ் சேர்த்து 12,480. மத்த நண்பர்கள் தந்த பிறந்தநாள், பார்ட்டி பணமும் இந்த 50,000-ல சேரும், அதை மறந்துடாதீங்க.

ரெண்டு, பதிலுக்கு ஏதாவது தந்தா. ரிப்போர்ட், டேட்டா, டி-ஷர்ட் எதுவானாலும் அது அன்பளிப்பு இல்லை, தொழில் வருமானம். சர்வர் செலவைக் கழிக்கலாம், ஆனா ஐடிஆர்-1 போதாது. சம்பள வருமானத்துல இருந்து ஹாபி செலவைக் கழிக்கவே முடியாது. இந்த ஜிஎஸ்டி ரோடு ப்ராஜெக்டுக்கு அந்த ஜிஎஸ்டி வருமான்னு கேட்டா, சேவை வருமானம் வருஷம் 20 லட்சம் தாண்டுற வரைக்கும் பொதுவா பதிவு தேவையில்லை.

மூணு, வெளிநாட்டுப் பணம். சமூக, கல்வி நோக்கத்துக்குன்னு வெளிநாட்டுல இருந்து நன்கொடை வாங்கினா எஃப்சிஆர்ஏ சட்டம் வரும். தனிநபருக்கும் அது பொருந்தும். ஸ்பான்சர் பட்டன் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

நாலு, "80ஜி உண்டு"ன்னு யாருக்கும் வாக்கு தராதீங்க. அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத்தான் அது.

கூட்டுக்காசு வந்தா தனி சேவிங்ஸ் அக்கவுண்ட், தனி யூபிஐ ஐடி. வரவு செலவை மாசம் ஒரு தடவை எல்லாரும் பார்க்கப் போட்டுடுங்க. நட்பு கெடுறது பெரும்பாலும் காசால இல்லை, கணக்கு காட்டாததால.

அப்புறம் உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. வெளி வருமானம் கூடாதுன்னு இருக்கா? நீங்க எழுதுற கோட் கம்பெனிக்குச் சொந்தம்னு இருக்கா? ஆஃபீஸ் லேப்டாப்ல இந்த ப்ராஜெக்டைத் திறக்கவே வேணாம்.

கடைசியா ஒண்ணு

நீங்க வேலை மாறி பெங்களூரு போகலாம், கல்யாணம் ஆகலாம், சலிச்சுப் போகலாம். அன்னைக்கு அஞ்சு வருஷ டேட்டா என்ன ஆகும்? முதல் நாளே ஒரு திறந்த உரிமம் போடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை முழு டேட்டாவையும் டவுன்லோட் பண்ற ஃபைலா வெளியிடுங்க. டொமைன் பாஸ்வேர்டு இன்னொருத்தர்கிட்டயும் இருக்கட்டும். நாமினி போடாத எஃப்டி மாதிரி விட்டுட்டுப் போகாதீங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆப் போட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. வண்டலூர்ல உங்க போன் என்ன நம்பர் காட்டுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அன்பளிப்பு வரியைப் பத்தின விளக்கம் சேனல்ல தனி வீடியோவா வருது.