நோட்டீஸ் கிழிக்க ஆள் இல்லை!

''வலியே இல்லைடா... அதான் சொல்லலை!'' என்றாள் அக்கா.

மார்பில் கட்டி. எட்டு மாதமாக மூச்சு விடவில்லை. அதே எட்டு மாதத்தில் முழங்கால் வலி என்று மூன்று தடவை மெடிக்கல் லீவ் போட்டவன் நான்!

பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்று டாக்டரிடம் கேட்டேன். ''மார்பில் இருக்கிற கட்டி எலும்புக்கும் நுரையீரலுக்கும் எப்படி சார் போகும்? அதுக்கென்ன காலா இருக்கு?''

''முளைக்கும்!'' என்றவர், பேப்பரில் ஒரு வட்டம் போட்டார்.

செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. சுமார் பாதி கொழுப்பு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டு போட்டால், அதில் ஏழெட்டுத் துண்டு கனம்தான் வரும். வெறும் காம்பவுண்டு சுவர் என்று நினைத்தால் தப்பு. அது நம்ம ஆபீஸ் நோட்டீஸ் போர்டு மாதிரி!

வெளியிலிருந்து 'வளரு' என்று உத்தரவு வந்ததும், பி.ஐ.3 கைனேஸ் என்கிற என்ஸைம் சவ்விலுள்ள பிப்-2 என்ற கொழுப்பில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி, பிப்-3 ஆக்குகிறது. அதுதான் நோட்டீஸ். பிப்-3 சேருகிற பக்கமாக செல் கால் நீட்டி நகரும். வேலை முடிந்ததும் பி-டென் என்ற இன்னொரு என்ஸைம் வந்து அந்த பாஸ்பேட்டை உருவிவிடும். நோட்டீஸ் கிழிப்பவர்!

பல புற்றுநோய்களில், ஒட்டுபவர் ஓயாமல் ஒட்டுகிறார். அல்லது கிழிப்பவர் ஆளையே காணோம். 'வளரு, நகரு' என்ற உத்தரவு நிரந்தரமாகிவிடுகிறது. கால்கள் சுற்றியுள்ள நாரைக் கரைத்து வழி பண்ண, செல் ரத்தத்தில் ஏறி டிக்கெட் இல்லாமல் ஊர் சுற்றக் கிளம்புகிறது.

ஒட்டுபவரின் ஜீனில் கோளாறு உண்டு என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 40 சதவிகிதத்தில் இது இருக்கிறது. முற்றிய நிலையில் அதை அடக்க, ஆல்பெலிசிப் என்ற மாத்திரைக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஒரு சிக்கல்... இன்சுலினும் இதே போர்டைத்தான் நம்பியிருக்கிறது. மாத்திரை போட்டால் சர்க்கரை எகிறும்!

அக்காவுக்கு அக்குள் நிணநீர்க் கணு வரை வந்துவிட்டது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது மூன்றாவது வருஷம். நன்றாக இருக்கிறாள். ''எட்டு மாசம் முந்தி வந்திருந்தா...'' என்று ஆரம்பித்த டாக்டர், அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

பிரதர், இன்று ராத்திரி டி.வி.யை அணைத்துவிட்டு அம்மாவிடம், அக்காவிடம், மனைவியிடம் கேளுங்கள். கூச்சம் ஒரு நிமிஷம்தான். கட்டி பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.