உங்களுக்குத் தெரியுமா? ‘அவரு’ன்னா ஆம்பளைதானுங்க!

● எழுத்தில் ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று “அவரு வந்துட்டாரா?” என்று கேட்டுப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் ஓர் ஆணைத்தான் தேடுவார். பெண்ணுக்கு மரியாதை தர வேண்டுமென்றால் ‘அவங்க’. தொல்காப்பிய காலத்தில் ‘அவர்’ பலர்பால்: ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கான சொல். பிறகு மரியாதைக்காக ஒருவருக்கும் சொன்னார்கள். பேச்சில் அதை ஆண்கள் தனியே கொண்டுபோய்விட, பெண்களுக்கு ‘அவர்கள்’ தேய்ந்து ‘அவங்க’ ஆனது. பன்மைக்கு மேல் இன்னொரு பன்மை சேர்த்தால்தான் பெண்ணுக்கு மரியாதை!

● “அந்தப் புள்ள வந்துச்சு.” “எங்கூட்டுல அது ஊருக்குப் போயிருக்குது.” ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் காதில் விழும் பேச்சுதான். பெண்ணை அஃறிணையாக்குகிறார்களே என்று கோபப்படலாம், கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் சொல்கிறவருக்கு ‘அவ’ என்றால் வைவதுபோல் இருக்கும், ‘அவங்க’ என்றால் விருந்தாளியைச் சொல்வதுபோல் இருக்கும். நடுவில் ஒண்டிக்கொள்ள ஓர் ‘அது’. தம்பிப் பையனும் ‘வந்துச்சு’தான். ஆனால் மீசை முளைத்தால் ‘வந்தாரு’ என்று ஏறிக்கொள்வான். அக்காவுக்கு அந்த ஏணி கொஞ்சம் குட்டை.

● அதே பக்கத்தில் தறி ஓடும் தெலுங்கு வீட்டுக்குள் போனால் பெண்ணை ‘அது’வோடு சேர்ப்பது இலக்கணமாகவே இருக்கிறது. அவள் வந்தாலும் ‘வச்சிந்தி’, ஆடு வந்தாலும் ‘வச்சிந்தி’. ஆண் வந்தால் மட்டும் ‘வச்சாடு’.

● ‘நான் வந்தேன்’ என்றால் சொன்னது ஆணா பெண்ணா என்று தமிழில் தெரியாது. இந்தியில் ‘ஆயா’, ‘ஆயீ’ என்று வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

● நீதிக்கட்சி 1917இல் தொடங்கிய தமிழ் நாளேட்டின் பெயர் ‘திராவிடன்’. 1944 ஆகஸ்ட் 27இல் அதே கட்சி சேலம் மாநாட்டில் பெயர் மாறியபோது ‘திராவிடர் கழகம்’ ஆனது. ‘ன்’ போய் ‘ர்’ வந்தது. ஒருவன் பலர் ஆனான், அந்தப் பலரில் பெண்களும் அடக்கம். 1949இல் அண்ணா தனிக்கழகம் கண்டபோது அந்த ‘ர்’ரும் போய் ‘திராவிட முன்னேற்றக் கழகம்’. ஒற்றை எழுத்துக்குள் ஆளையே சேர்க்கலாம், விலக்கலாம். கட்சிக்காரர்கள் இதைப் பால் கணக்கில் பார்த்தார்களோ இல்லையோ, காதுக்கு வித்தியாசம் தெரிகிறது.

● மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் காவியம் ஒன்றின் பெயர் ‘அவனும் அவளும்’. ‘அவளும் அவனும்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், ஏதோ வரிசை தப்பியதுபோல் இருக்கும். இன்னொரு வேடிக்கை: பெயருக்குப் பின்னால் வந்தால் ‘பிள்ளை’ ஆண். அதே சொல் அவர் ஊர்த் தெருவில் ‘ஏ புள்ள’ என்று விழுந்தால் பெண்.

● சட்டத்திலும் ‘அவன்’தான் முதலாளி. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், எட்டாவது பிரிவில், ‘அவன்’ என்ற சொல் ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்று சொல்லிவிட்டு, புத்தகம் முழுக்க ஆண்பாலிலேயே நடந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே ‘அவன்’ இருக்கிறான். ஆனால் இப்போது ஆண், பெண்ணோடு திருநரையும் குறிக்கிறான்.

● சேலத்துக்காரரான பிரித்திகா யாஷினி காவல்துறை உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் மூன்றாம் பாலினத்துக்கு இடம் இல்லை. விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. வழக்குப் போட்டார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2017இல் தருமபுரியில் பணியேற்றார். இந்தியாவின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளர். ‘ஆய்வாளர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கட்டம் போட்ட காகிதம்தான் வழிமறித்தது.

● 1792இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகம் பார்க்க வந்த சேலத்துக்கு, முதல் பெண் ஆட்சியராக ரோகிணி பாஜிபாகரே வந்தது 2017இல். ‘ஆட்சியர்’ பொதுச்சொல் என்பதால் பலகையில் பெயரை மட்டும் மாற்றினால் போதும். மக்கள் வாயில்தான் வேலை: ‘கலெக்டரம்மா’. அதற்கு முன்னால் இந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கொண்டிருந்த அர்த்தம், கலெக்டரின் மனைவி.

● பூக்காரி, கீரைக்காரி, மோர்க்காரி. ஆனால் பால்காரன், ஆட்டோக்காரன், தபால்காரன். தலைக்கூடை பெண்பால், சக்கரம் ஆண்பால். நாமக்கல்லில் லாரி ‘டிரைவர்’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்குப் பால் கிடையாது. ஆனாலும் ஒரு பெண் ஸ்டியரிங் பிடித்தால் ‘லேடி டிரைவர்’ என்று சொல்லித்தான் தீர்வார்கள்.

● ‘பசங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாங்களா?’ என்று கேட்டால் மகளும் அதில் உண்டு. ‘பையன்கள்’ தேய்ந்ததுதான் ‘பசங்க’. மகள் மேல் பாசம் பொங்கினால் ‘வாடா சாமி’ என்போம். மகனை ‘வாடி தங்கம்’ என்று கொஞ்சிய அப்பாவை இன்னும் நான் பார்த்ததில்லை.