மாடியில் நிற்கும் மாமி

சேலையூரிலிருந்து விஸ்காம் மாணவி ஒருவர் கேட்கிறார்: “இலவச சாஃப்ட்வேரில் எடுத்த ‘ஃப்ளோ’ ஆஸ்கர் வாங்கிவிட்டதே, என் லேப்டாப்பிலும் அனிமேஷன் படம் எடுக்க முடியுமா?”

முடியும். ஆனால் செய்தி பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. லாட்வியாக்காரர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸின் அந்தப் பூனைப் படம் 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அதை உருவாக்கிய பிளெண்டர் என்ற சாஃப்ட்வேருக்கு ஒரு பைசா தரவேண்டாம். படத்துக்கு ஆன செலவோ சுமார் 35 லட்சம் யூரோ, நம் கணக்கில் 30 கோடிக்கு மேல். ஐந்தரை வருட உழைப்பு வேறு.

அப்படியானால் மலிவானது எது? காத்திருப்பு. 85 நிமிடப் படத்தில் 1,22,400 ஃபிரேம்கள். ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று துரத்திக் கணக்கிட, ஃபிரேமுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒரே கம்ப்யூட்டரில் 14 வருடம். ஜில்பலோடிஸ் பயன்படுத்தியது பிளெண்டருக்குள்ளேயே இருக்கும் ‘ஈவீ’ என்ற வேறு கணக்கு முறை. அதில் ஃபிரேமுக்கு அதிகபட்சம் 10 வினாடியாம். 14 நாள்!

ஈவீ கதிர்களைத் துரத்துவதில்லை, ஏமாற்றுகிறது. நிழலை மட்டும் பார்ப்போம். விளக்கு இருக்குமிடத்தில் ஒரு மாமியை நிறுத்துங்கள். சிட்லபாக்கம், மூன்றாவது மாடி, கையில் கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வொரு திசையிலும் கண்ணில் முதலில் படுவது எத்தனை அடி தூரம் என்று கட்டத்துக்கு ஒன்றாகக் குறிக்கிறார். இந்தப் பக்கம் வேப்பமரம், 20. இப்போது கேமராவில் ஓர் ஆள் தெரிகிறார். மாமியிடமிருந்து 30 அடி. அதே திசையில் நோட்டு 20 என்கிறது. ஆக, மாமி அவரைப் பார்க்கவே இல்லை. அவர் நிழலில் நிற்கிறார். ஒரு கழித்தல், வேலை முடிந்தது.

மாமியின் குறைகளும் அப்படியே திரைக்கு வந்துவிடும். நோட்டில் கட்டங்கள் பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் சதுரம் சதுரமாக உடையும். தூரத்தைத் தோராயமாக எழுதினால் இன்னும் வேடிக்கை. 30 அடியில் நிற்பவரை 29.9 என்று எழுதிவிட்டு, மறுபடி அளந்தால் 30 வருகிறதே, முன்னால் யாரோ மறைக்கிறார்கள் என்று சாதிப்பார். மறைப்பது அந்த ஆளேதான்! உடம்பெல்லாம் கோடுகோடாக நிழல் விழும். தொழிலில் இதற்கு ‘ஷேடோ ஆக்னி’ என்று பெயர், முகப்பரு சமாச்சாரம். சரி மாமி, அரையடி வரை சந்தேகப்படாதீர்கள் என்றால், செருப்படியில் இருக்கவேண்டிய நிழல் காணாமல் போய் ஆள் தரையில் ஒட்டாமல் மிதப்பார். நிழலைத் தொலைத்த கதைநாயகன் பீட்டர் பேன் பெயரால் இது ‘பீட்டர் பேனிங்’. காற்றில் வேப்பமரம் அசைந்தால் நோட்டையே புதிதாக எழுதவேண்டும், படத்தின் ஒவ்வொரு வினாடிக்கும் 24 முறை. பாவம், மாமிக்குக் காபி குடிக்கக்கூட நேரமில்லை.

வரலாறு இல்லாமல் கட்டுரையை விடமாட்டார்கள். மாமியின் நோட்டு 1978-ல் லான்ஸ் வில்லியம்ஸ் எழுதிய யோசனை. வீடியோ கேம்கள் வெகுகாலமாக இதில்தான் பிழைக்கின்றன. 2002-ல் பிளெண்டரை விற்றுவந்த நிறுவனம் மூடப்பட்டபோது, பயன்படுத்துபவர்களே ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டார்கள். அதில் ஈவீ 2019-ல் சேர்ந்தது. போதும்.

ஆகவே ‘புரட்சி’ என்று போஸ்டர் ஒட்டி மூன்றே மாதத்தில் அனிமேட்டராக்குகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுமுன் யோசியுங்கள். நிழலைத்தான் மாமி பார்த்துக்கொள்கிறார். பூனை எந்தக் காலை எப்போது தூக்கவேண்டும் என்பதை இன்னும் ஒரு மனிதர் உட்கார்ந்துதான் தீர்மானிக்கிறார், அவருக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளமும் நிச்சயமில்லை: ‘ஃப்ளோ’வுக்கு ஆஸ்கர் கிடைப்பதற்குச் சில நாள் முன்புதான் அனிமேஷன் நிறுவனமான டெக்னிகலர் தன் பெங்களூரு, மும்பை ஸ்டுடியோக்களை இழுத்து மூடியது.

சேலையூர் மாணவிக்கு: லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லது. 30 வினாடிப் படத்தில் தொடங்குங்கள். 720 ஃபிரேம், பத்துப் பத்து வினாடி என்றாலும் இரண்டு மணி நேரம். நிலைக்கண்ணாடி வைத்த அறை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். தனி ஏற்பாடு செய்யாவிட்டால், ஈவீ பிரதிபலிப்பைத் திரையில் இருப்பதிலிருந்தே எடுக்கும். கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் கண்ணாடியில் வரமாட்டார்.